நின்றுபோன வாட்ச்சுக்கு மறுவாழ்வு

பீரோ லாக்கரைத் துழாவினால், நகைப்பெட்டிக்கு அடியில் நின்றுபோன கைக்கடிகாரம் ஒன்று பல வீடுகளிலும் கிடைக்கும். அதை ஓடவைக்க நினைத்ததும் எழும் கேள்வி இதுதான்: புதுப் பாகங்களைப் போடுவதா, பழசையே வைத்துச் சரிசெய்வதா?

எங்கள் வீட்டில் இது பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. காலஞ்சென்ற என் மாமனாரின் வாட்ச், சாவி கொடுத்து ஓடும் எச்.எம்.டி. ஜனதா. கல்லூரியில் சேரும் பேரனுக்கு அதைத் தர வேண்டுமென்று மாமியாருக்கு ஆசை. ரிப்பேர்காரரோ, "டயல் மங்கிப்போச்சும்மா. வேற டயல் போட்டா பளபளன்னு ஆயிடும்" என்றார். என் கணவருக்கும் சம்மதம்தான். மாமியார் மட்டும், "அவர் தினமும் பார்த்த முகம்டா அது. மாத்திட்டா வேற யாரோட வாட்ச்சோ ஆயிடும்" என்று கலங்கிவிட்டார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால், ரிப்பேர்காரரிடம் ஒவ்வொரு பாகமாக விசாரித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தயங்காமல் மாற்றலாம்

தேய்ந்து தீர்வதற்கென்றே உள்ள பாகங்கள் சில உண்டு. மெயின் ஸ்பிரிங், தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம், தோல் பட்டை ஆகியவை அப்படி. இவற்றில் 'ஒரிஜினல்' பார்த்தால் வாட்ச் ஓடாது. பிளாஸ்டிக் கண்ணாடியில் லேசான கீறல் என்றால், பற்பசையை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்தாலே மறையும். விரிசல் விட்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய்த் துருப்பிடிக்கும்.

யோசித்து மாற்றுங்கள்

டயல், முட்கள், மேல்கூடு இவைதான் வாட்ச்சின் அடையாளம். எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. அதன் வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஆகவே 'புது ஒரிஜினல் டயல்' என்று யாராவது நீட்டினால், அது பழைய கையிருப்பா, வேறு வாட்ச்சில் கழற்றியதா, மேலே வர்ணம் பூசியதா என்று கேளுங்கள். பழைய வாட்ச் சேகரிப்பவர்களும் மறுவர்ணம் பூசிய டயலைவிட, மங்கின அசல் டயலுக்கே மதிப்புத் தருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். ஜனதாவின் இயந்திரம் மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை துடிக்கிறது. எண்ணெய் காய்ந்த நிலையில் ஓட்டினால் நல்ல அச்சுகளும் தேய்ந்துவிடும்.

கடைசியில் எங்கள் வீட்டில் ஸ்பிரிங்கும் கண்ணாடியும் பட்டையும் மாறின. டயலும் முட்களும் அப்படியே இருக்கின்றன. என் கணவர் முணுமுணுத்தார். ஆனால், "தாத்தா போட்டது அப்படியே இருக்கட்டும்ப்பா" என்று மகனே சொன்னபிறகு பேச்சு முடிந்தது.

குழந்தை உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

1960-களுக்கு முந்தைய சில வெளிநாட்டு வாட்ச்சுகளில், இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முட்களிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி அடங்கிப்போனாலும் ரேடியம் போவதில்லை. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். 1920-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உதட்டால் தூரிகையைக் கூராக்கி இந்தப் பூச்சைத் தீட்டிய பெண்கள் பலர் எலும்பு நோயால் மாண்டார்கள். அப்படிப்பட்ட வாட்ச்சை வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். குழந்தையிடம் விளையாடத் தராதீர்கள். ரிப்பேருக்குத் தரும்போதும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இங்கே அசல் என்பதைவிட ஆரோக்கியமே முக்கியம்.

இன்னொன்று: எதை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தை ஒரு சிறு பொட்டலமாகக் கேட்டு வாங்கி வையுங்கள். நாளைக்கு மனசு மாறினால், அசலைத் திரும்பப் பொருத்திக்கொள்ள வழி இருக்கும்.