கடலின் வரவு செலவும் நமது கணக்கும்

வைகைக் கரைச் சங்கம் ஒன்றின் மகாசபையில், கடன் தவணை பற்றிய பேச்சு முடிந்ததும் முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "கடலில் சூடு மாறினால் மழை பிசகுமாமே! நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடலுக்கும் நம் கண்மாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று வினவினார். நியாயமான கேள்வி. விடையை யாவரும் அறிதல் நலம்.

இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா; தெற்கே மன்னார் வளைகுடா. இவையே நமக்கு அண்மையிலுள்ள கடல்கள். சங்கத்துப் பேரேட்டைப் போலவே இவற்றுக்கும் வரவு செலவு உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலின் வரவு மிகுந்து, மேல்நீர் 30 டிகிரி சென்டிகிரேடைக் கடக்கிறது. நீர் ஆவியாய்ச் செலவாக, உப்பு எஞ்சி நிற்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்பது கடலுப்பின் பொது அளவு.

ஐப்பசியில் காற்று வடகிழக்குக்கு மாறியதும் கணக்கும் மாறுகிறது. மழைநீரோடு, கங்கை, கோதாவரி, கிருஷ்ணை ஆகிய நதிகளின் நீர் கலந்த வங்கக்கடல் நீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே கொணர்கிறது. பாக் விரிகுடாவில் உப்பு 30 கிராமுக்கும் கீழே இறங்குவதுண்டு. மார்கழி, தையில் சூடும் தணிகிறது.

உப்புக் குறைந்த நீர் இலேசானது; ஆகவே மேலே மிதக்கும். கீழுள்ள நீரோடு எளிதில் கலவாமையால், வங்கக்கடலின் மேற்பரப்பு வெதுவெதுப்பாகவே இருந்து காற்றுக்கு நீராவி வழங்குகிறது. நம் கண்மாய்க்கு வரும் மழையில் அதன் பங்கும் உண்டு.

ஆண்டுக்கு ஆண்டும் வேறுபாடு நேர்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைச் சூட்டில் பவளப் பாறைகள் வெளுத்தன. நம் கரைக்கடலோ இந்துமகா சமுத்திரம் என்னும் பேரேட்டின் ஒரு பக்கமே. அச்சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடேறும் இயல்பை 1999-இல் விஞ்ஞானிகள் விளக்கினர். மேற்கு சூடேறின் நமக்கு வடகிழக்குப் பருவமழை மிகுவதும், கிழக்கு சூடேறின் குறைவதும் பெரும்பான்மை வழக்கம், தவறாத விதியன்று. 2016-இல் கிழக்கே சூடு மிகுந்தது. அவ்வாண்டு தமிழகத்தில் அப்பருவமழை வழக்கத்தினும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுதும் வறட்சி அறிவிக்கப்பட்டது.

விளைச்சல் பொய்த்தால் உழவர் தவணை தவறுவர்; பொங்கலுக்குப் புடவை வாங்குவோரும் குறைவர். மழை மிஞ்சினாலோ தெருவில் பாவு போட இயலாது. ஆகவே இது இரு தொழிலாருக்கும் பொதுவான காரியம்.

கடலை நாம் திருத்த இயலாது. அதன் கணக்கைப் பார்த்து நம் கணக்கை எழுதலாம். பருவமழை பற்றிய வானிலைத் துறையின் முன்னறிவிப்பை ஐப்பசிக் கூட்டத்தில் படிக்கச் செய்யுங்கள். பயிர்க் காப்பீட்டைக் கெடுவுக்கு முன்பே செலுத்துங்கள். வரத்துக் கால்வாயை மழைக்கு முன்பே கூடித் தூர்வாருங்கள். கடல் அனுப்பும் வரவை வைத்துக்கொள்ள நம் கண்மாயில் இடம் வேண்டுமல்லவா?