தோணியில் ஏறிய பிள்ளையின் குணம்

1990ஆம் ஆண்டு மன்னார்க் கரையிலிருந்து தோணிகள் இரண்டு திசையில் போயின. ஆண்டின் நடுவில் போர் மீண்டும் மூண்டதும் தலைமன்னார், பேசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மேற்கே இராமேஸ்வரத்துக்குத் தப்பிப் போயின. ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் இருந்தவர்கள் தெற்கே கற்பிட்டிக்குக் கடல்வழி போனார்கள். ஒரு பக்கம் மண்டபம் முகாம், மறுபக்கம் புத்தளத்து ஓலைக்கொட்டில். அன்று மடியில் கிடந்த குழந்தைகளுக்கு இன்று முப்பத்தைந்து வயது. இப்போது அவர்களே தங்கள் பிள்ளைகளை ஏற்றிப்போகப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் சட்டென்று கோபப்பட்டாலோ, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கினாலோ ஊரில் ஒரு பேச்சு எழும்: "காம்பில வளந்தது, அப்பிடித்தான் இருக்கும்." சிலர், "அது பிறவிக்குணம், மாத்தேலாது" என்பார்கள். இரண்டு பேச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: உதவி தேடிப் போகவேண்டியவரை வீட்டிலேயே உட்கார்த்தி வைக்கின்றன. ஒருவருடைய ஆளுமை எப்படி உருவாகிறது என்று உளவியலாளர்கள் நூறு ஆண்டுக்கு மேலாக ஆராய்ந்து வந்ததைப் பார்த்தால், இரண்டுமே அரைகுறை உண்மை.

ஐந்து வயதோடு முடிந்துவிடுகிறதா?

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம் ஊரில் சொல்வதற்கு மிக அருகில் நின்றவர் சிக்மண்ட் பிராய்ட். முதல் ஐந்தாறு வயதுக்குள் ஆசைக்கும் தடைக்கும் நடக்கும் போராட்டமே பிற்காலக் குணத்தின் அடித்தளம் என்றார் அவர். அவர் வகுத்த படிநிலைகளை அப்படியே ஏற்பவர்கள் இன்று குறைவு. ஆனால், சிறுவயது அனுபவம் நமக்குத் தெரியாமலே நம்மை இயக்கும் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

ஐந்தாறு வயதோடு பிராய்ட் மூடிய கதவை, அவருடைய வழியில் வந்த எரிக் எரிக்சன் திறந்துவிட்டார். தன்னைப் பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை அறியாமல் வளர்ந்தவர் அவர். 1950இல் வெளியிட்ட நூலில், பிறப்பு முதல் முதுமை வரை எட்டுக் கட்டங்களில் ஆளுமை வளர்கிறது என்று எழுதினார். முதல் கட்டத்தில் குழந்தை கற்பது நம்பிக்கை: அழுதால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை. பதின்ம வயதில் வருவது "நான் யார்?" என்ற கேள்வி. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி இரட்டிப்புப் பாரம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அவன் சிலோன்காரன். ஊர் திரும்பினால் இந்தியாவில் வளர்ந்தவன். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கும் அகதி என்ற பெயர் கூடவே வந்தது. பதினாறு வயதில் இவர்கள் காட்டிய முரட்டுத்தனத்தை வெறும் குணக்கேடாக எண்ணியது நாம் செய்த பிழை.

எரிக்சன் பின்னாளில் அகமதாபாத்துக்கு வந்து, 1918ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை மையமாக வைத்துக் காந்தியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்போது காந்திக்கு 48 வயது. நடுவயதிலும் மனிதர் உருவாகிக்கொண்டிருக்கிறார் என்பதை எரிக்சன் அதில் காட்டினார்.

குண்டா, பிரிவா?

இரண்டாம் உலகப்போரில் லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பிராய்டின் மகள் அன்னா பிராய்ட், டொரத்தி பேர்லிங்கம் என்பவரோடு சேர்ந்து குழந்தைகளுக்கான போர்க்கால விடுதிகளை நடத்தினார். அங்கே அவர்கள் கண்டதை மன்னார்க்காரர் எவரும் உடனே விளங்கிக்கொள்வார்கள். பதுங்குகுழியில் தாயின் மடியில் இருந்த குழந்தையைக் குண்டுச் சத்தம் அவ்வளவாக உலுக்கவில்லை. பாதுகாப்பான இடத்துக்கென்று தாயைவிட்டுப் பிரித்து அனுப்பிய குழந்தைதான் கூடுதலாக உடைந்தது.

போருக்குப் பின் ஐரோப்பாவில் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அறிக்கை எழுதியவர் ஜோன் போல்பி. குழந்தைக்கும் அதைப் பேணுபவருக்கும் இடையிலான பிணைப்பை விளக்கும் பற்றுதல் கோட்பாடு அவருடையது. அந்த அறிக்கையில் பலரும் தவறவிடும் ஒரு சொற்றொடர் உண்டு: தாய், அல்லது நிலையாகத் தாயின் இடத்தில் இருப்பவர். அம்மம்மா, பெரியம்மா, தகப்பன், மூத்த அக்கா எவராகவும் இருக்கலாம். நாளுக்கொரு கை மாறாமல் இருப்பதுதான் முக்கியம். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வேர்த் 1954, 55இல் உகண்டாவின் கிராமங்களில் 26 குடும்பங்களைக் கவனித்தார். குழந்தையின் குறிப்பறிந்து நடந்த தாயின் பிள்ளை துணிந்து தவழ்ந்து போய், திரும்பித் தாயைப் பார்த்துவிட்டு, மீண்டும் விளையாடப் போனது.

இலங்கையில் இந்தக் கோட்பாட்டின் பெயரால் பெண்கள்மீது பழி விழுவதையும் சொல்லவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் அரசு கட்டுப்பாடு போட்டது. 2022இல் அதைத் தளர்த்தியது. தகப்பனுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது வளைகுடா போகும் தாய், பிள்ளையைக் கைவிட்டவள் அல்ல. அவள் இல்லாத வீட்டில் பிள்ளைக்கென்று மாறாத ஒருவர் இருக்கிறாரா என்பதே நாம் கேட்கவேண்டியது.

கூடவே பிறப்பது

ஒரே தோணியில் வந்த அண்ணனும் தங்கையும் ஏன் வேறுவேறாக வளர்ந்தார்கள்? அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரு மனநல மருத்துவர்கள் 1956இல் நியூயோர்க்கில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடரத் தொடங்கினார்கள். சில குழந்தைகள் இலகுவில் பழகின. சில எதற்கும் வீரிட்டன. சில மெல்ல மெல்லத்தான் ஒட்டின. இந்த இயல்பு கூடவே பிறப்பது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும், குணவேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரையோடு சேர்ந்தது என்கின்றன. ஆனால், தோமசும் செஸ்ஸும் அழுத்திச் சொன்னது, பிள்ளையின் இயல்புக்கும் வளர்ப்புக்கும் உள்ள பொருத்தத்தை. கூச்சப்படும் பிள்ளையை ஆட்கள் முன்னால் இழுத்துவைத்துப் பாடச் சொன்னால் கூச்சம் பயமாகும். நேரம் கொடுத்தால் அதே பிள்ளை நிதானமாகக் கவனித்துப் பழகும்.

பார்த்துப் பழகுவதும் உண்டு. 1961இல் அல்பேர்ட் பந்துரா, பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைச் சிறுவர்களுக்குக் காட்டினார். தனியே விட்டதும் அவர்களும் அப்படியே அடித்தார்கள். குடித்துவிட்டுக் கைநீட்டும் தகப்பன் உள்ள வீட்டில், பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்கு முன் அடியை நிறுத்தவேண்டும்.

இன்னொரு தீவின் கணக்கு

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பேறுகாலச் சிக்கல், சண்டை ஓயாத வீடு, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு தொடங்கியவர்கள். அப்படித் தொடங்கியவர்களிலும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ள மனிதராக வளர்ந்தார். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது வசதியோ அபார அறிவோ அல்ல. சிறுவயதில் அவர்களை முழுமனதாக ஏற்றுக்கொண்ட ஒரு ஆளாவது இருந்தார்: ஒரு பாட்டி, ஒரு அக்கா, ஒரு ஆசிரியர், வணக்கத்தலத்தில் ஒருவர்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பதினெட்டு வயதில் தடம் புரண்டிருந்தவர்களிலும் பெரும்பாலோர் நாற்பதுக்குள் மீண்டிருந்தார்கள். நல்ல வாழ்க்கைத்துணை, விட்ட படிப்பை மீண்டும் தொடர்ந்தது, தங்களைச் சேர்த்துக்கொண்ட ஒரு சமூகம், இவை அவர்களைத் திருப்பின. காம்பில் வளர்ந்தது அப்படித்தான் இருக்கும் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது.

எப்போது உதவி தேடுவது?

பிள்ளை பல வாரங்களாகத் தூக்கமின்றித் தவித்தால், பேச்சு குறைந்து விளையாட்டையும் விட்டால், தன்னை அல்லது பிறரைக் காயப்படுத்தினால், பள்ளிக்கூடம் என்றாலே வயிறு வலிக்கிறது என்றால், குணம் என்று விட்டுவிடாதீர்கள். ஆளுமைக் கோளாறு என்ற பெயரைப் பதினெட்டு வயதுக்கு முன் வைத்தியர்களே இலகுவில் சூட்டுவதில்லை. அயலவர் சூட்டவும் விடாதீர்கள். பெரியவர்களுக்கு மனவேதனை பெரும்பாலும் உடல்வழியாக வரும். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்களிடம் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 18.8 சதவீதத்தினருக்குப் பொதுவான உளநலப் பிரச்சினை ஏதாவது இருந்தது. அதிலும் கூடுதலாகக் காணப்பட்டது, காரணம் பிடிபடாத உடல் உபாதைகள்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். சிறுவர் துன்புறுத்தல் என்றால் 1929. அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனால், பிள்ளையைப் பற்றிக் கேட்கும் உளவளத்துணையாளர் தாய் தகப்பனின் சிறுவயதையும் கேட்பார். அந்தத் தோணிப் பயணத்தைச் சொல்வதற்கும் நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.