விறகடுப்பும் வெப்பச் சீராக்கியும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு நெருப்பு என்றதும் குசினிதான் நினைவுக்கு வரும். வீட்டைச் சூடாக்கவும் நெருப்பு வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் தேவை நமக்கு நேர்வதில்லை. ஆயினும் நம்மவருள் எத்தனையோ குடும்பத்தினரின் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் இன்று கனடாவில் வாழ்கின்றனர். உறைநிலைக்குக் கீழே பல பாகை இறங்கும் அந்நாட்டு மாரிகாலத்தில் நிகழும் விசித்திரம் ஒன்றை இன்று ஆராய்வோம். நமது குசினிக்கும் அதிலே ஒரு பாடம் உண்டு.

அங்கே பல வீடுகளின் நிலவறையில் ஓர் உலை இருக்கும். அது சூடாக்கும் காற்றை விசிறி ஒன்று குழாய்களின் வழியே அறைதோறும் அனுப்பும். உலையை மூட்டுவதும் நிறுத்துவதும் சுவரிற் பொருத்திய தெர்மோஸ்டாட் என்னும் வெப்பச் சீராக்கியின் கடமை. சூடேறும்போது இரு வேறு உலோகங்கள் சமமாக விரிவதில்லை. அவற்றை ஒட்டிய தகடு வளையும். இவ்வியல்பைக் கொண்டு 1830இல் அன்ட்ரூ யூர் என்ற ஸ்கொத்லாந்து இரசாயனவியலார் இத்தகைய கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

இனி, அதே வீட்டுக் கூடத்தில் ஒரு விறகடுப்பும் எரிகின்றது என்று கொள்வோம். கூடம் இதமாகச் சூடேறும். கூடத்துச் சுவரிலுள்ள சீராக்கியோ வீடு முழுவதும் சூடாயிற்று எனக் கருதி உலையை நிறுத்திவிடும். தூரத்து அறையில் உறங்கும் குழந்தை குளிரால் நடுங்கும். வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் நீர் உறைந்து, ஏறத்தாழ 9 வீதம் பருத்து, குழாயையே பிளந்துவிடுதலும் உண்டு. கருவியிற் குற்றமில்லை, தான் இருக்கும் இடத்தை மட்டுமே அது அறியும்.

பரிகாரம் எளிது. சீராக்கியை அடுப்புக்குத் தொலைவான அறைக்கு மாற்றலாம். உலை ஓய்ந்திருக்கும்போதும் விசிறியைச் சுழலவிட்டுச் சூட்டைப் பகிரலாம். நன்கு உலர்ந்த விறகையே எரித்தல் வேண்டும். இரவு முழுவதும் கனன்றிருக்கட்டும் என்று காற்றை அடைத்துவிட்டால், புகைபோக்கியிற் கீல் படிந்து ஒருநாள் அதுவே தீப்பற்றும். நிறமும் மணமுமற்ற காபன் மொனொக்சைட்டு நஞ்சு வேறு உண்டு. எரிபொருட் கருவிகள் உள்ள வீடுகளில் அதனை அறிவிக்கும் எச்சரிக்கை மணியை ஒன்ராறியோ மாகாணம் 2014இல் கட்டாயமாக்கியது.

நமது வீட்டிலும் ஒரு சீராக்கி உண்டு. அதுதான் ரைஸ் குக்கரின் அடியில் இருப்பது. ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955இல் விற்பனைக்குக் கொணர்ந்த இக்கருவி, நீர் வற்றியதும் சூடு 100 பாகையைத் தாண்டுவதை உணர்ந்து தானே நின்றுவிடும். பானையின் அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாற் போதும். அதன் கணக்குப் பிழைத்துச் சோறு கெடும்.

2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது, எரிவாயுவும் கிடைக்கவில்லை. அப்போது நகரத்தார் பலரும் விறகையும் சிரட்டையையும் நாடினோம். அத்தகைய காலம் மீண்டும் வந்தால் மறத்தலாகாதவை சில உண்டு. சிலிண்டர் இருக்கும் மூலையில் விறகு மூட்டலாகாது. கசியும் வாயு காற்றினும் பாரமானதாகையால் தரையோடு படர்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும். அயலாருக்குப் புகை போகுமே என்று யன்னலைச் சாத்துதலும், தணலை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குதலும் உயிருக்கே ஆபத்தாகும்.

கொள்ளியை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் தீயை அளந்த நம் பாட்டிமாருக்குச் சீராக்கி இருந்ததில்லை. ஆயினும் எந்த அறையிற் புகை, எந்தப் பிள்ளைக்கு இருமல் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கருவிகள் பெருகிய வீட்டிலும் அந்தக் கவனம் நமக்கு வேண்டும்.