சாரலுக்குப் பின்னால் ஒரு காடு

ஆரியங்காவுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் தென்காசிக்கே முகம் நனைந்துவிடும். குற்றாலத்தில் துண்டும் கையுமாக வரிசையில் நிற்கும் நேயர்களே, ஒரு நிமிடம் அண்ணாந்து, அருவி விழும் பாறைக்கு மேலே பாருங்கள். இந்தத் தண்ணீருக்குத் தாய்வீடு அந்தக் காடுதான். மட்கிய இலைச் சருகில் கை வைத்தால் ஈரப் பஞ்சு போலிருக்கும். கொட்டும் மழையை அந்தச் சருகும் வேரும் மண்ணும் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இங்கே அருவியாக விழும் சிற்றாற்றுக்குக் கொடுக்கின்றன. மழை ஓய்ந்த பிறகும் அருவி விழுகிறதே, அது இதனால்தான்.

குற்றாலம், கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி மலைக்காடுகளைச் சேர்த்து, சுமார் 356 சதுர கிலோமீட்டரை 2015-இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. யானையும் கரடியும் மிளாவும் உலவும் காடு அது. நல்ல காரியம், இன்னும் முன்பே நடந்திருக்கலாம்.

காட்டைக் காத்தால் மட்டும் போதாது, அது தரும் தண்ணீரையும் காக்க வேண்டும். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. பல்லால் கடித்துக் கிழித்துப் போடும் ஒரு ஷாம்பு பாக்கெட், அருவி விழும் பொங்குமாகடல் பள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. சிற்றாற்றில் மிதந்து, வயல்களைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணிக்கே போய்ச் சேர்கிறது.