கடலில் பிடிபடுவது செய்தி, வீட்டில் மீள்வது?

புதுதில்லி: அந்தமானின் பாரன் தீவு அருகே 2024 நவம்பரில், மியான்மர் மீன்பிடிப் படகிலிருந்து சுமார் 6,000 கிலோ மெத்தம்பெட்டமைனைக் கடலோரக் காவல் படை கைப்பற்றியது. நாடே அதைப் பேசியது. போதையை விட முயல்வோரின் வீட்டுக்குள் நடக்கும் போராட்டத்தை யாரும் பேசுவதில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அபினி சார்ந்த போதைப்பொருள்களால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் சுமார் 77 லட்சம் பேர் என்றது.

ஹெராயினை நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்துக்குள் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கி, 4 முதல் 10 நாள்கள் நீடிக்கும். முன்கூட்டியே மருத்துவ ஆலோசனை, உப்பு-சர்க்கரைக் கரைசல், உடனிருக்க ஒருவர் ஆகியவை அவசியம். அறையில் பூட்டிவைப்பது சிகிச்சையல்ல. கர்ப்பிணிகள் வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது. உண்மையான ஆபத்து அதன் பிறகே வருகிறது. உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும்போது பழைய அளவை மீண்டும் எடுத்தால் உயிரே போகலாம். எனவேதான் பியூபிரினார்ஃபின் போன்ற மருந்துகளுடன் தொடர் சிகிச்சை தேவை.

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான வழக்குக்கு உள்ளான அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை பெற்றால் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால், கேம்பல் பே-யிலிருந்து தீவுகளின் தலைநகர் 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. பஞ்சாபில் 2020 பொதுமுடக்கத்தின்போது மருந்து வீட்டுக்கே கொடுத்தனுப்பப்பட்டது. தீவுகளுக்கு அது ஏன் பொருந்தாது? சட்டப்பேரவை இல்லாத அந்தமானுக்காக இக்கேள்வியை எழுப்ப மக்களவையில் இருப்பது ஒரே ஓர் இடம்.