பட்டைக் குறியீடுகளின் மூலபாடம்

தேயிலைப் பொட்டலம் முதல் பாடநூல் வரை நாம் வாங்கும் பொருள்களின் மீது கருங்கோடுகளும் அவற்றின்கீழ்ச் சில எண்களும் அச்சிடப்பட்டுள்ளன. பட்டைக் குறியீடு எனப்படும் இதனை நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் இதன் இலக்கணம் எங்கே எழுதப்பட்டுள்ளது என வினவுவோர் சிலரே. உரைகளில் ஐயம் எழுந்தால் ஏட்டுச்சுவடியைத் தேடுவது தமிழாய்வாளர் மரபு. அம்மரபு இங்கும் வேண்டும்.

உட்லேண்ட், சில்வர் என்னும் அமெரிக்கர் இருவர் 1949இல் விண்ணப்பித்து, 1952இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1974 சூன் 26இல் ஒகையோ மாநிலத்து டிராய் நகர அங்காடி ஒன்றில், இன்று நாம் காணும் வகையைச் சார்ந்த குறியீட்டின் வழியே சூயிங்கம் பொதி ஒன்று விற்கப்பட்டது. பின்னர்க் குறியீட்டு வகைகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ஆதலின் தேடுவோர் முதற்கண் வகையின் பெயரை அறிதல் வேண்டும்.

இருவகை விதிகள்

கோடுகளின் வடிவம் பற்றிய விதி ஒன்று. எண்ணின் பொருள் பற்றிய விதி மற்றொன்று. முன்னதை எழுத்திலக்கணம் என்றும், பின்னதைப் பொருளிலக்கணம் என்றும் கொள்ளலாம்.

வடிவ விதிகளை ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. என்னும் பன்னாட்டு அமைப்புகள் இணைந்து வெளியிடுகின்றன. கடைப் பொருள்களுக்குரிய ஈ.ஏ.என். வகைக்கு 15420, கோடு 128க்கு 15417, கோடு 39க்கு 16388, ஜப்பானில் 1994இல் உருவான கியூ.ஆர். குறியீட்டுக்கு 18004 என்பன அவற்றின் எண்கள். இவற்றை விலை கொடுத்தே பெற வேண்டும். பொருள் விதிகளை ஜி.எஸ்.1 என்னும் அமைப்பு தன் ‘பொது விதித்தொகுப்பு’ நூலில் தருகிறது. அதனை இணையத்தில் விலையின்றிப் பெறலாம். கடைப் பொருளுக்கு வேண்டிய அளவுகளும் அதிலேயே உள்ளன. எனவே சிறுதொழில் செய்வோர் அதிலிருந்தே தொடங்கலாம்.

விதியறிவதன் பயன்

பதின்மூன்று எண் கொண்ட ஈ.ஏ.என். குறியீட்டில் மிக மெல்லிய கோட்டின் இயல்பளவு 0.33 மில்லிமீட்டர். இடப்புறம் அதனைப் போல் 11 மடங்கும், வலப்புறம் 7 மடங்கும் வெற்றிடம் விடுதல் வேண்டும். அழகு கருதி அவ்விடத்தில் ஓவியம் தீட்டினால் கருவி படிக்கத் தடுமாறும். அச்சிட்ட உறைகள் அனைத்தும் வீணாகும்.

இறுதி எண் ஒரு காவலாளி. முதல் 12 எண்களுள் இரட்டைப்படை இடங்களில் நிற்பனவற்றை மும்மடங்காக்கி, ஏனையவற்றோடு கூட்டுக. அத்தொகை அடுத்த பத்தின் மடங்கை எட்டுவதற்குரிய எண்ணே இறுதி எண். 978030640615 என்பதற்குத் தொகை 93. 100ஐ எட்ட 7 வேண்டும். எனவே இறுதி எண் 7.

890 எனத் தொடங்கினால் அப்பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்று பலர் நம்புகின்றனர். பிற எண்களைக் கண்டு அயல்நாட்டுச் சரக்கு என ஒதுக்குவோரும் உளர். அந்த எண் ஜி.எஸ்.1 அமைப்பின் இந்தியக் கிளை வழங்கியது என்பதை மட்டுமே அது காட்டும்; பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. செவிவழிச் செய்தியை நம்பி ஒரு வணிகரின் நேர்மையை ஐயுறுவது அறமன்று.

மாணவர்களே! கேட்டதை உடனே பரப்பாமல் மூலத்தைத் தேடிப் படியுங்கள். சுவடிக்குச் செலுத்தும் அக்கறையைக் கடைப் பொருளின் கோட்டுக்கும் செலுத்துவதே கற்றவர்க்கு அழகு.