மெகபூப் பாடல்கள்: ‘லாஸ்லெஸ்’ தரத்தில் கேட்டால் என்ன கிடைக்கும்?

கொச்சி: மட்டாஞ்சேரியின் இசைக்கூடல்களில் பாடகர் மெகபூப்பின் பெயர் இன்றும் மறையவில்லை. 1954-ஆம் ஆண்டு வெளியான ‘நீலக்குயில்’ உள்ளிட்ட மலையாளப் படங்களில் பாடிய இவர், 1981-இல் காலமானார். இவரது தொடக்ககாலப் பாடல்கள், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்கு இசைத்தட்டுகளில் வெளிவந்தவை. அவற்றை ‘லாஸ்லெஸ்’ எனப்படும் இழப்பில்லா ஒலித்தரத்தில் கேட்பதால் பயன் உண்டா?

எம்பி3 முறை, செவிக்குப் புலப்படாது எனக் கருதும் ஒலிக்கூறுகளை நீக்கிவிட்டே கோப்பைச் சுருக்குகிறது. நீக்கியவை மீண்டும் கிடைக்காது. ஃபிளாக் போன்ற இழப்பில்லா முறைகளிலோ, சுருக்கிய ஒலி முழுமையாக மீள்கிறது.

அரக்குத் தட்டில் உயர் அதிர்வெண் ஒலிகள் இயல்பாகவே குறைவு என்பதால், இரண்டுக்கும் வேறுபாடு இராது என்று எண்ணத் தோன்றும். ஆனால் தட்டின் கரகரப்பு ஒழுங்கற்ற ஒலி. அதைச் சுருக்குவது கடினம். நொடிக்கு 128 கிலோபிட் அல்லது அதற்கும் குறைந்த எம்பி3 கோப்பில் அந்த இரைச்சலே தரவின் பெரும்பங்கை விழுங்கிவிடும். விளைவாக, பாடகரின் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைகிறது.

எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றி ‘இழப்பில்லா தரம்’ என வழங்குவோரும் உண்டு. அதில் கோப்பின் அளவு மட்டுமே பெருகும். அதிர்வெண் வரைபடத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்தாற்போல் வெறுமை தெரிந்தால் ஐயம் கொள்ளலாம்.

பழைய தட்டுகளை வைத்திருப்போர், இரைச்சலை நீக்கும் முன்பே இழப்பில்லா வடிவில் பதிந்துகொள்வது நலம். திருத்தங்களை அதன் நகலில் மட்டுமே செய்ய வேண்டும்.